நல்லெண்ணெய் பூசிக்கொண்டு பாலைவனத்தில் கார் ஓட்டம் பார்த்த கதை

1

உங்களுக்கு எப்போதாவது காது உரிந்திருக்கிறதா?

மூக்கைச் சொல்லவில்லை. காது. மேல்மடல் சிவந்து, பொங்கி, பிறகு தோல் சுருள் சுருளாகக் கழன்று, தலையணையில் எந்தப் பக்கமும் திரும்பிப் படுக்க முடியாமல். உரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஊரில் அப்படி யாருக்கும் நடந்ததாக நானும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அதுவும் அவசரமாக, இரண்டு பெருவிரலாலும் ரெலிபோனில் குத்திக் குத்தி. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாங்கள் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

காரணம் சுதன். யாழ்ப்பாணத்தில் என்னோடு இரண்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் இருந்தவன். நான் பிரான்சுக்கு வந்தேன், அவன் வளர்ந்து கட்டாருக்குப் போனான். இன்று காலை அவனிடமிருந்து ஒரு செய்தி.

"மச்சான், வெள்ளிக்கிழமை பெடியளோடை பாலைவனத்துக்குப் போறன். மணல் மலையிலை கார் ஏத்தி ஓடுற ரேஸாம். முழு நாளும் அங்கைதான். என்ன கொண்டு போக வேணும்?"

"தொப்பி, நீளக் கை சேர்ட், நிறையத் தண்ணி, கொஞ்சம் உப்பு, சன் கிரீம்" என்று அனுப்பினேன்.

"கிரீமோ? டேய், நீ அங்கை போய் வெள்ளைக்காரனாகிட்டியோ? நாங்கள் வெயிலுக்கை பிறந்து வெயிலுக்கை கிரிக்கெட் அடிச்ச ஆக்கள். எங்கடை தோலுக்கு என்னடா நடக்கும்?"

போன வருடம், இதே பருவத்தில், கிட்டத்தட்ட இதே வசனத்தை என் அப்பா சொன்னார். அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கட்டாரிலும் துபாயிலும் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

2

எங்கள் வீடு பரிஸ் நகரத்து லாச்சப்பலில். மெத்ரோ இரண்டாம் லைன் இந்த இடத்தில் நிலத்துக்கு மேலே, இரும்புப் பாலத்தில் ஓடும். யன்னலைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு ரயிலும் எங்கள் குசினிக்குள்ளால் போய்வருவது மாதிரி இருக்கும். கீழே இறங்கினால் மரக்கறிக் கடை, நகைக்கடை, சேலைக்கடை, ரெலிபோன் கடை. பெரிய சத்தமாகத் தமிழ். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோமோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வரும், குளிர் வந்து கன்னத்தில் அறையும் வரைக்கும்.

அப்பாவுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை. மேல் கடையில் அல்ல. 'காவ்' என்று இங்கே சொல்லும் நிலக்கீழ் அறையில். அரிசி மூட்டை இறக்குவது, தேங்காய் அடுக்குவது, மேலே முடிந்த சாமானை மேலே அனுப்புவது. இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து அவருடைய சூரியன் ஒரு ரியூப் லைட்தான். ஆனால் கேட்டுப் பாருங்கள், தான் இன்னும் தோட்டத்துக்குத் தண்ணி மாறுகிற பெடியன் என்றுதான் நினைப்பு.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பெயர் தர்சினி. அப்பா தமிழில் கேட்பார், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும், இரண்டு பேரும் விளங்காத மாதிரி நடிப்பார்கள். நடுவில் நான். எங்கள் வீட்டின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளன், சம்பளம் கிடையாது.

அந்தப் பதவி எனக்குப் பத்து வயதில் கிடைத்தது. அக்காவின் பள்ளிக்கூடத்தில், அடுத்து என்ன படிக்கப் போகிறாள் என்று பேச அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா எழுதிக் கொடுத்திருந்தது கார் மெக்கானிக். வகுப்பு ஆசிரியைக்கும் அது சந்தோசம். அப்பா கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பொம்பிளைப் பிள்ளை கராஜிலை ஓயிலோடை நிக்கிறதோ?" நான் அதை அச்சொட்டாக மொழிபெயர்த்தேன். ஆசிரியை அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தாள். அவள் கணக்கியல் படித்தாள். இப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை, நல்ல கதிரை, நல்ல ஹீற்றர்.

ஆனால் சனிக்கிழமைகளில் அவள் ஒபர்வில்லியேக்குப் போவாள். அங்கே மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கராஜ். அலுவலகத் தோழி கமீயோடு சேர்ந்து பழைய நான்கு சில்லும் இழுக்கும் வண்டி ஒன்றை வாங்கி அங்கே நிறுத்தி வைத்திருந்தாள். இங்கே அந்தச் சாதி வண்டியைக் 'கத்கத்' என்பார்கள். எங்கள் வண்டி ஓடும்போது வரும் சத்தமும் அதுதான். அவளே கழற்றி, அவளே பூட்டி, போன வருடம் மொரோக்கோப் பாலைவனத்தில் பெண்கள் மட்டும் ஓடும் ஓர் அமெச்சூர் ஓட்டத்துக்குப் பதிந்துவிட்டாள். பல நாள் ஓட்டம். கையில் திசைகாட்டி, வரைபடம். ரெலிபோனைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இரவுச் சாப்பாட்டில், இடியப்பத்துக்கு நடுவில், அவள் திடீரென்று தமிழில் கதைத்தாள்.

"அப்பா, நீங்கள் வந்து பாக்கிறியளோ?"

அப்பா அவளுடைய எதையும் வந்து பார்த்ததில்லை. கடை ஞாயிற்றுக்கிழமையும் திறப்பு. பட்டமளிப்புக்கே நானும் அம்மாவும்தான் போனோம். மறுக்கப் போகிறார் என்று நான் சம்பலை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வாறன்" என்றார்.

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள். "அப்ப ஒண்டு சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. அங்கை உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் அந்த இடத்திலையே நிப்பாட்டிப்போட்டு வந்திடுவன். நான் விட்டிட்டு வந்தா எங்கடை கார் அவுட். பேந்து சேர ஏலாது. விளங்குதோ?"

"எனக்கு என்ன நடக்கும்? வெயிலுக்கை பிறந்தவன் நான்."

3

புறப்படுவதற்கு முன் பிரான்ஸ் அரசாங்கம் தன் பங்குக்குக் கொஞ்சம் விளையாடியது. அப்பாவின் பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகி அலுமாரிக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மேரியில் 'ரான்டேவூ' எடுக்க, அதாவது நகரசபையில் சந்திப்பு நேரம் வாங்க, நான் விடியவிடிய இணையத்தில் குந்தியிருந்து, கடைசியில் பரிசுக்கு வெளியே ஒரு ஊரில் பிடித்தேன். அங்கே போனால் படத்தைத் திருப்பித் தந்தார்கள். நெற்றி பளபளக்கிறதாம், முகம் சரியாக விழவில்லையாம். அப்பா அன்று காலை தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். முகத்தைக் கழுவி, மீண்டும் பெட்டிக்குள் இருத்தி, மீண்டும் படம். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

அம்மாவின் கவலை வேறு. "பிள்ளை கறுத்துப் போகப் போறாள். பேந்து கலியாணப் பேச்சு வரேக்கை ஆர் பதில் சொல்லுறது?" கீழே அழகுசாதனக் கடையில் வெள்ளையாக்கும் கிரீம் ஒன்று வாங்கி வந்து அக்காவின் பையில் திணித்தா. அக்கா பின்பக்கத்து எழுத்தை வாசித்துவிட்டுத் தூக்கி எறிந்தாள்.

"அம்மா, உதைப் பூசிக்கொண்டு வெயிலுக்கை நிண்டால் இன்னும் கெதியா எரியும். கறுக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை. எரியிறதுதான் பிரச்சினை."

"என்ன வித்தியாசம்?"

"உறைப்பு வாயிலை பட்டால் ஒண்டு, கண்ணிலை பட்டால் ஒண்டு. அதுதான் வித்தியாசம்."

அவள் மருந்தகத்தில் எல்லாருக்கும் சன் கிரீம் வாங்கி வந்தாள். அப்பா ரியூப்பை முகர்ந்து பார்த்து, குழந்தைப் பிள்ளைச் சாமான் மாதிரி மணக்குது என்று மேசையில் வைத்துவிட்டார். அவரிடம் அவருடைய மருந்து இருந்தது. கடையில் இருந்து ஒரு போத்தல் நல்லெண்ணெய். கோடை வந்தால் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் வைத்தியம் அதுதான். உடம்புக்குக் குளிர்ச்சி, கண்ணுக்குக் குளிர்ச்சி, மூளைக்கும் குளிர்ச்சி.

அப்பாவும் நானும் போய் இறங்கிய மொரோக்கோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி போத்தலைத் தூக்கிப் பிடித்து என்ன இது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் அப்பா முந்திக்கொண்டார். அவருடைய பிரெஞ்சில் வினைச்சொல் கிடையாது, ஆனால் தன்னம்பிக்கை நிறைய.

"புர் சொலெய். நத்துறெல்."

வெயிலுக்கு, இயற்கையானது. அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தார். முகத்தில் பசி தெரிந்தது. சிரித்துக்கொண்டு மூடித் தந்துவிட்டார்.

4

முதல் இரண்டு நாளும் காற்று, முகில். அப்பா வெயிலைக் காணவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். நாங்கள் பரிசில் இருந்து ஜக்கெட்டோடு வந்தவர்கள். விடிய எழும்பினால் பல் கிடுகிடுக்கும். எங்களை மாதிரிப் பார்க்க வந்த குடும்பங்களுக்கு ஓட்டக்காரரின் கூடாரங்களுக்குப் பக்கத்திலேயே கூடாரம். பின்னேரம் கார்கள் திரும்பி வரும்போது கைதட்டலாம்.

மூன்றாம் நாள் முகில் இல்லை. அன்றைய வழி எங்கள் முகாமுக்குக் கிட்ட இருந்த மணல் மேட்டுக்குக் கீழால் போகிறது என்று அறிவித்தார்கள். அக்கா எந்த நேரம் வருவாள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அப்பா தயாரானார். பெனியன், மடித்துக் கட்டிய சாரம், தலையில் இருந்து முழங்கை வரை நல்லெண்ணெய். மேட்டில் ஏறிப் பாதிக்குப் போக முன்னம் காற்று மணலை அள்ளி அவர் மேல் கொட்டியது. ஒட்டிக்கொண்டது. லாச்சப்பலில் கட்லட் போடுகிறவர்கள் ரஸ்க் தூளில் உருட்டி, பொரிக்க முன்னம் தட்டில் அடுக்கி வைப்பார்களே, அந்தப் பதத்தில் அப்பா உச்சியில் போய் நின்றார்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவரும் மனைவியும். இரண்டு பேரும் தலையில் இருந்து கால் வரை துணி, பெரிய தொப்பி, கையில் குடை. கிழவர் அப்பாவைப் பார்த்துப் பயந்தே போனார். தன் கிரீமை நீட்டினார். அப்பா நெஞ்சில் கை வைத்து மரியாதையாக மறுத்தார்.

"மெர்சி. முவா யாழ்ப்பாணம்."

நன்றி, நான் யாழ்ப்பாணம் என்கிறார். நான் சிரித்தேன். வீடியோவும் எடுத்தேன். தொப்பியாவது போடுங்கோ என்று கேட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை தடவை கேட்கிறது? நான் கிழவரின் குடை நிழலில் ஒதுங்கிக்கொண்டேன்.

இங்கேதான் விசயம். எங்கள் ஊர் வெயில் சொல்லிவிட்டு அடிக்கும். வேர்த்து ஊத்தும், சேர்ட் முதுகோடு ஒட்டும், போதும் போதும் என்று மனிசன் தானாகவே மரத்துக்குக் கீழே போவான். பாலைவன வெயில் ஒரு வார்த்தை சொல்லாது. காற்று காய்ந்தது, வேர்வை வெளியே வந்த உடனேயே காணாமல் போய்விடும். காற்றும் அடித்துக்கொண்டிருப்பதால் சூடே தெரியாது. மேலே இருந்து அடிப்பது பாதி, கீழே மணலில் பட்டுத் திரும்பி வருவது மீதி. நாடிக்குக் கீழே, கழுத்தில்கூட எரிந்தவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மத்தியானம் தாண்டி, மஞ்சள் கோடு போட்ட எங்கள் கத்கத் கீழே தெரிந்தது. அப்பா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "தர்சி! தர்சி!" கார் நிற்காமல் போனது, அவள் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இறங்கி வரும்போது திரும்பி என்னிடம் கேட்டார்.

"டேய், அரிசி லொறி வந்திட்டுதோ?"

பகிடி என்று நினைத்தேன்.

"லொறிக்காரனை நிக்கச் சொல்லு. நான் மேலை வாறன்" என்றார், மேட்டில் இருந்து கீழே இறங்கிக்கொண்டே. தோள் அடுப்புக்குள் விட்ட விறகு மாதிரிக் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அடுத்த அடியில் அப்படியே மணலில் குந்திவிட்டார்.

கிழவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். கிழவரின் கை வழுக்கிக்கொண்டே இருந்தது.

5

மருத்துவக் கூடாரத்தில் இருந்தவர் ஒரு மொரோக்கோப் பெண் டொக்டர், அக்காவின் வயதுதான் இருக்கும். அப்பாவின் கையைப் பிடித்தார், கை நழுவியது. விரலை முகர்ந்தார்.

"என்ன இது?"

"எள்ளெண்ணெய்."

"சமைக்கிறதா?"

"இல்லை, குளிர்ச்சிக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எண்ணெய் சட்டிக்குப் பூசுவது, மனிதருக்குப் பூசி வெயிலில் வைப்பதில்லை என்றார். உடம்பைக் குளிராக்குவது வேர்வை அல்ல, வேர்வை காய்வதுதான். அதுக்கு மேலே எண்ணெயால் மூடினால் எப்படிக் காயும்? முதலில் இதைக் கழுவு. பொழுதுபடுவதற்குள் சூடு இறங்காவிட்டால் அம்புலன்சில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு.

நல்லெண்ணெயை மறக்காமல் கொண்டு வந்த மனிசன் சீயாக்காயைக் கொண்டு வரவில்லை. கோப்பை கழுவும் சவர்க்காரத்தை வாங்கி, கேத்திலில் தண்ணி அளந்து அளந்து, பெற்ற தகப்பனை ஓர் எண்ணெய்ச் சட்டி மாதிரித் தேய்த்துக் கழுவினேன். பிறகு சாரத்தை நனைத்து மேலே போட்டு, அட்டைப் பெட்டி மூடியால் விசிறினேன். கழுத்து, கக்கம், தொடைச் சந்து, அந்த இடங்களில் ஈரத் துணி. உப்பும் சீனியும் கரைத்த தண்ணி, மிடறு மிடறாக. கொஞ்சம் கொஞ்சமாக அரிசி லொறி போய் அப்பா திரும்பி வந்தார். காதும் தோள்மூட்டும் கொவ்வைப்பழ நிறம்.

கண்ணைத் திறந்து முதல் சொன்னது: "தர்சிக்குச் சொல்லாதை."

எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள்தான் ஓட்டம். அவள் கடைசிக்குக் கிட்ட நிற்கிறாள், ஆனால் நிற்கிறாள். ரெலிபோன் இல்லாததால் இதுவரை தெரியாது. பின்னேரம் முகாமுக்குள் வந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் விட்டுவிடுவாள். நான் அவளை அறிவேன், சும்மா வெருட்டுகிற ஆள் இல்லை. அப்பாவை எங்கள் கூடாரத்துக்கு மாற்றி நித்திரை என்று சொல்லலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் அட்டைப் பெட்டி மூடியைத் திரும்ப என் கையில் திணித்தார், அதுதான் பதில்.

சூடு இறங்கியது. அம்புலன்ஸ் தேவை இல்லை என்றார்கள். நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிய முன்னம் அக்கா ஹெல்மெட்டோடேயே உள்ளே வந்தாள். கமீ அவளுக்குப் பின்னால், வரைபடப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"டேய், என்ன நடந்தது?"

"வெயில். இப்ப பரவாயில்லை."

"கிரீம் பூசினவரோ?"

"இல்லை."

"தொப்பி?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அப்ப என்னத்தைப் பூசி..." என்று தொடங்கினாள். மூக்கு சுருங்கியது. அந்த மணம் அவளுக்கும் பிறந்ததில் இருந்து தெரியும். "நல்லெண்ணெயோ? அப்பா!"

திரும்பிக் கமீயிடம் பிரெஞ்சில் ஒரே வசனம். முடிந்தது, நாளைக்கு நான் அப்பாவோடு பரிசுக்குப் போகிறேன். கமீ தலையாட்டினாள். அந்தப் பெண்ணும் இதுக்காக எத்தனை சனிக்கிழமை கிறீஸ் பூசியவள்.

அப்பா எழும்பி இருந்தார். ஈரச் சாரம் மடியில் விழுந்தது.

"எங்கை போறாய்?"

"உங்களோடை. வீட்டை."

"ஓட்டம்?"

"விட்டாச்சு. முதலே சொன்னனான் எல்லோ?"

"இஞ்சை பார், என்ரை ரெண்டு காதும் வெந்து போய்க் கிடக்கு. என்னத்துக்கு வெந்தது? நீ ஓடுறதைப் பாக்க வந்தெல்லோ வெந்தது? நீ இப்ப விட்டா எனக்கு வெந்தது சும்மா போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. "பகிடி விடாதேங்கோ அப்பா. விசர் வருகுது எனக்கு."

அப்பா ஈரச் சாரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, அவளைப் பார்க்காமல், அவளுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒருக்கா நான் மறிச்சது காணும், பிள்ளை."

பள்ளிக்கூடத்து விசயத்தை எங்கள் வீட்டில் யாரும் பிறகு வாயில் எடுத்ததே இல்லை. அவர் மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கமீ என்னைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். முதல்தடவையாக எனக்கு மொழிபெயர்க்க வரவில்லை.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு ரியூப்பை எடுத்தாள்.

"அப்ப மூஞ்சியை நீட்டுங்கோ."

"இப்பவோ? பொழுதுபட்டிட்டுது."

"எரியாத இடத்திலை பூசிப் பழகுவம். நீட்டுங்கோ."

நீட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி போட வந்த பிள்ளை மாதிரி. அவள் பூசிக்கொண்டே சட்டம் போட்டாள். "நாளைக்கு விடிய இது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பியும் இது. நிழலை விட்டு வெளியிலை வரக் கூடாது. தம்பி பாத்துக்கொண்டு நிப்பான். இண்டைக்கு நாங்கள் உங்களைப் பாத்தாச்சுத்தானே, நாளைக்கு நீங்கள் என்னைப் பாருங்கோ."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு..."

"ஓம் எண்டுறனெல்லோ!"

6

சுதன், இந்தப் பகுதியை வடிவாக வாசி. கடைசி நாள் நாங்கள் செய்தது இதுதான்.

சூரியன் வர முன்னமே கிரீம். காது, பிடரி, புறங்கை, சப்பாத்துக்கு மேலே தெரியும் கால், உதடு. எல்லாரும் மறக்கும் இடங்கள் இவைதான். ஒருக்காப் பூசிவிட்டு முழு நாளும் சமாளிக்கலாம் என்று கனவு காணாதே, வேர்வையிலும் மணலிலும் அது உரசிப் போய்விடும். வெந்த இடத்தில் கிரீம் போடாமல் துணியால் மூடினோம். அப்பாவுக்கு என் நீளக் கைச் சேர்ட், தொளதொளவென்று. உடம்பு காற்றோட்டமாக இருந்தால்தான் குளிர்ச்சி, வெறும் மேலோடு நின்றால் இல்லை. தலைக்கு அந்த ஊர் ஆட்கள் சுற்றுகிற நீளத் துணி. தேத்தண்ணி விற்கிற ஒரு மொரோக்கோக்காரர் வந்து அப்பாவின் தலையைப் பிடித்துத் தானே சுற்றிவிட்டார். மூக்கும் பிடரியும் ஒரே துணியில் மூடிவிடும். அதை இடைக்கிடை நனைத்துப் பிழிந்தால் காற்று வரும்போது ஏசி.

நிழலை நீதான் கொண்டு போக வேண்டும். நாங்கள் கிழவரின் குடையோடு ஒரு தார்ப்பாயையும் கட்டி, சூரியன் நகர நகரக் கதிரையை நகர்த்தினோம். தாகம் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. முகாம் குசினியில் தயிர் கேட்டு வாங்கி, உப்புப் போட்டு, தண்ணியாக மோர் அடித்து அப்பாவுக்கு மணிக்கு மணி கொடுத்தேன். டொக்டர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, இதுதான் நீங்கள் ஊரில் இருந்து கொண்டு வந்திருக்க வேண்டியது என்றார். மூத்திரம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் இன்னும் குடி. வெட்கப்படாதே, பார். அரிசி லொறி வந்ததா என்று எவனாவது கேட்டால், வீடியோ எடுக்காதே, தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடு.

மத்தியானத்துக்குப் பிறகு கார்கள் ஒவ்வொன்றாக முடிவுக் கோட்டுக்கு வரத் தொடங்கின. வந்த காரில் இருந்து இறங்கும் பெண்கள் மணலில் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். எங்கள் கார் இல்லை. அப்பா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். முகம் முழுக்க வெள்ளை, மேலே நீலத் தலைப்பா.

"டேய், ஏன் இன்னும் காணேல்லை?"

"வருவாள். இருங்கோ."

"வழியிலை நிப்பாட்டிப் போட்டாளோ? நான் கிரீம் பூசினதெண்டு அவளுக்கு ஆர் சொல்லுறது?"

"அப்பா, அவள் ஓடுறாள். இருங்கோ."

கிழவர்தான் முதலில் கண்டார், எழும்பி நின்று குடையால் காட்டினார். மஞ்சள் கோடு. ஒரு பக்கம் சரிந்து, முன்பக்கம் ஏதோ குறைந்து, கத் கத் கத் என்று வந்துகொண்டிருந்தது. அப்பா சட்டம் எல்லாவற்றையும் மறந்து வெயிலுக்குள் ஓடினார். நான் தண்ணிப் போத்தலோடு பின்னால் ஓடினேன்.

அவள் கோட்டைத் தாண்டி, இயந்திரத்தை நிற்பாட்டி, கதவைத் திறந்து இறங்கினாள். கண்ணாடி போட்ட இடம் மட்டும் சுத்தம், மீதி முகம் முழுக்கப் புழுதி. அப்பா காருக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். 

"பம்பரை எங்கை விட்டனீ?"

"பின் சீற்றிலை கிடக்கு அப்பா."

"ஆர் கழட்டினது?"

"நான்தான். ரயரிலை முட்டிக்கொண்டு நிண்டுது. வழியிலை நிண்டு கழட்டினனான்."

"வடிவாக் கழட்டி இருக்கிறாய்" என்றார் அப்பா. அதுக்குப் பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவளுடைய கறுப்பு ஜக்கெட்டில் அவருடைய முகம் முழுசாக வெள்ளையில் பதிந்துவிட்டது.

7

பரிஸ் விமான நிலையத்தில் அம்மா அக்காவைத்தான் தேடி ஓடி வந்தா. நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தா. கொஞ்சம் கறுத்திருந்தாள்தான். ஆனால் ஒரு கொப்புளம் இல்லை. பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தா. இரண்டு காதும் சுருள் சுருளாக.

"இஞ்சாருங்கோ, பிள்ளையைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினா, நீங்களல்லோ உரிஞ்சுபோய் வந்து நிக்கிறியள்?"

நான் முழுக் கதையையும் சொன்னேன், கட்லட் உட்பட. அம்மா சிரிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்தா.

"எண்ணெய் வைச்ச அண்டைக்கு வெயிலுக்கை திரியக் கூடாதெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முழுகி, சோறு திண்டு, வீட்டுக்கை கிடக்கிறதெல்லோ? உங்களுக்கு எண்ணெய் மட்டும் ஞாபகம் இருந்ததாக்கும்?"

அப்பா காதைத் தடவிக்கொண்டு பெட்டியைத் தள்ளினார். அதுதான் அவருக்குக் கிடைத்த முழுத் தண்டனை. அதோடு கடையில் அவர் யாருக்கும் வைத்தியம் சொல்வதில்லை. ஒரு மாறுதல் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேலை ஏலாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அந்த நாளில், அவருக்காகச் சனிக்கிழமையை மாற்றிக்கொண்ட அக்காவோடு ஒபர்வில்லியேக்குப் போகிறார். அங்கே அவள் காருக்குக் கீழே கிடந்து பிரெஞ்சில் ஸ்பனர் கேட்பாள், அவர் தமிழில் எந்த ஸ்பனர் என்று கேட்பார், சண்டை பிடிப்பார்கள், பின்னேரம் இரண்டு பேரும் ஒரே கறுப்பு நகத்தோடு வீட்டுக்கு வருவார்கள். அம்மா வாசலிலேயே சவர்க்காரம் வைத்திருக்கிறா.

இந்த வருட ஓட்டம் நாளை மறுநாள் தொடங்குகிறது. காரும் கமீயும் முன்னமே போய்விட்டார்கள். இந்த முறை அம்மாவும் வருகிறா, அப்பாவை நம்ப முடியாதாம். அக்கா கீழே வாடகைக் காரோடு நின்று ஹோர்ன் அடிக்கிறாள். மூன்று பெரிய பெட்டி இருக்கிறது, எங்கள் வீடு ஆறாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, இறக்க வேண்டியவன் நான்.